லிங்க் இல்லாத நாள்

வங்கிக் கிளையில் வேலை பார்த்த காலத்தில், ‘லிங்க் இல்லை’ என்று ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, கவுண்டருக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்குப் பல உண்டு. அவற்றில் ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கும் வாரம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேத்திக்குக் கட்டணம் கட்டப் பணம் எடுக்க வந்திருந்தார். அவரை எனக்கு இருபது ஆண்டுகளாகத் தெரியும். அவர் கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

“தம்பி, உள்ளே பணம் இருக்குல்ல?”

“இருக்கு சார்.”

“எங் கணக்குலயும் இருக்குல்ல?”

“இருக்கும் சார்.”

“அப்புறம் என்னப்பா?”

என்னிடம் பதில் இல்லை. பெட்டகத்தில் கட்டுக்கட்டாக நோட்டு இருந்தது. எதிரே அதற்கு உரிய மனிதர் நின்றார். இரண்டுக்கும் நடுவே இருந்த கணக்கு மட்டும் வேறு ஏதோ ஊரில், ஏதோ கட்டடத்தில், ஏதோ இயந்திரத்துக்குள் இருந்தது. அதோடு பேசும் கம்பி அறுந்திருந்தது. பழைய காலத்தில் என்றால் தடித்த லெட்ஜரைப் புரட்டி, கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டு, பித்தளை டோக்கன் ஒன்றைக் கையில் கொடுத்திருப்போம். அந்த லெட்ஜர்கள் கிளையை விட்டுப் போய் வெகுநாளாகிறது. இன்று கிளையில் இருக்கும் கணினி, தொலைவில் இருக்கும் பேரேட்டை எட்டிப் பார்க்கும் ஒரு ஜன்னல். ஜன்னல் மூடிக்கொண்டால் உள்ளே இருப்பவருக்கும் ஒன்றும் தெரியாது. சார் அன்று மாலை நான்கு மணிவரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

இந்த அத்தியாயத்தை அவரை நினைத்துத்தான் எழுதுகிறேன். புயல், வெள்ளம் பற்றிய முந்தைய அத்தியாயங்களில் பொருள் கெட்டுப்போவதைப் பற்றிப் பேசினோம். அரிசி நனைகிறது, சாலை அறுகிறது, மரம் விழுகிறது. கணினிகள் நிற்கும் நாள் அப்படி வராது. வெயில் அடிக்கும். கடையில் அரிசி இருக்கும், மருந்துக்கடையில் மாத்திரை இருக்கும், டாக்டர் நாற்காலியில் இருப்பார், பங்க்கில் பெட்ரோல் இருக்கும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லும் கணக்கு மட்டும் இருக்காது. நீங்கள் யார், உங்களிடம் எவ்வளவு இருக்கிறது, உங்களுக்கு என்ன உரிமை என்பதை எடுத்துக்காட்ட முடியாமல் போய்விடும். ஆகவே மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைப்பது இங்கே அதிகம் உதவாது. வீட்டுக் கணக்கின் ஒரு நகல் வீட்டிலேயே, கையால் தொடக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். அதற்கான வழிகளைப் பார்ப்போம்.

எவ்வளவு நேரத்துக்குத் தயாராக வேண்டும்?

நடந்தவற்றைப் பார்த்தால் ஓர் அளவு கிடைக்கும்.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு புதுப்பிப்பை அனுப்பியது. அதில் பிழை இருந்தது. ஒன்றேகால் மணி நேரத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் இது நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் நின்றவை விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் இருந்தவை. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பிழையைத் திரும்பப் பெற்ற பிறகும் பல கணினிகளுக்குப் பக்கத்தில் ஒருவர் போய் உட்கார்ந்துதான் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதனால்தான் ஒரு மணி நேரப் பிழை பல நாள் வேலையாக நீண்டது.

அதே மாதக் கடைசியில் இன்னொன்று நடந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை தரும் ஒரு நிறுவனத்தை, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. தொற்று பரவிவிடக் கூடாது என்று தேசியப் பணப்பரிமாற்றக் கழகமான என்பிசிஐ அந்த நிறுவனத்தைத் தன் வலையிலிருந்து துண்டித்து வைத்தது. அதனால் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்குப் பரிவர்த்தனை நின்றது. பெரிய வங்கிக்காரர்களுக்கு இது நடந்ததே தெரியாது. கிராமத்தில் ஒரே ஒரு கூட்டுறவு வங்கிக் கணக்கை வைத்திருப்பவருக்கு அது முழு இருட்டு.

2025 மார்ச் 26 மாலையிலும் ஏப்ரல் 12 சனிக்கிழமையும் யுபிஐ நாடு முழுக்கத் தடுமாறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். டீக்கடையில் ஸ்கேன் செய்துவிட்டு வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்ற நாள். 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றன. பழுது பார்க்கக் கிளம்பிய பொறியாளர்களுக்கே கட்டடத்துக்குள் நுழைந்து இயந்திரத்தைத் தொட நேரம் பிடித்தது என்று அந்த நிறுவனமே பிறகு விளக்கியது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையை 2022 நவம்பர் 23 அன்று ரான்சம்வேர் தாக்கியபோது, ஏறத்தாழ இரண்டு வாரம் சீட்டும் பேனாவும் வைத்து வேலை நடந்தது.

ஆக, சில மணி நேரத் தடை அடிக்கடி வரும். ஓரிரு நாள் தடை எப்போதாவது வரும். ஒரே ஒரு நிறுவனம் மட்டும் வாரக்கணக்கில் படுத்துவிடுவதும் உண்டு. அந்த நிறுவனம் உங்கள் வங்கியாகவோ மருத்துவமனையாகவோ இருந்தால் உங்கள் வீட்டுக்கு அதுவே பேரிடர். நான் சொல்லும் கணக்கு இதுதான்: கைப்பணமும் தகவல்தொடர்பும் ஒரு வாரத்துக்கு. மருந்து ஒரு மாதத்துக்கு. காகிதங்கள் எப்போதைக்கும்.

கைப்பணம்

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு வாரத்துக்கு உங்கள் வீட்டில் தினமும் ஆகும் செலவை எழுதுங்கள். பால், காய்கறி, மளிகைச் சில்லறை, ஆட்டோ, பேருந்து, மருந்து, பெட்ரோல், வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுப்பது. மாத வாடகை, தவணை எல்லாம் வேண்டாம்; அவை ஒரு வாரம் தாமதமானால் குடி முழுகிவிடாது. வரும் தொகைதான் உங்கள் வீட்டின் கைப்பண அளவு. நெதர்லாந்தின் மத்திய வங்கி 2025இல் தன் மக்களுக்குச் சொன்னது பெரியவர் ஒருவருக்கு 70 யூரோ, குழந்தைக்கு 30 யூரோ, மூன்று நாளைக்கு. ரொக்கத்தை ஏறக்குறைய மறந்துவிட்ட அந்த நாடே இப்படிச் சொல்கிறது. நம் செலவுக்கணக்கு வேறு, அதனால் நம் தொகையை நாம்தான் போட வேண்டும்.

தொகையைவிட நோட்டு வகை முக்கியம். ஏடிஎம் பெரும்பாலும் 500 ரூபாய்த் தாளைத்தான் நீட்டும். எல்லாரும் 500ஐ நீட்டும் நாளில் கடைக்காரரிடம் சில்லறை தீர்ந்துவிடும். என் வீட்டில் வைத்திருப்பது இப்படி: 10 ரூபாய் நோட்டு 50, 20 ரூபாய் 50, 50 ரூபாய் 30, 100 ரூபாய் 30, 200 ரூபாய் 10. கூட்டினால் 8,000. நான்கு பேர் குடும்பத்துக்கு இது எங்களுக்குப் போதுகிறது. பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியும் சில ஊர்களில் இன்னும் வாங்கத் தயங்குகிறார்கள். அவசர நாளில் அதற்காக வாக்குவாதம் செய்துகொண்டிருக்க முடியாது, நோட்டாகவே வையுங்கள். புது நோட்டுக் கட்டு கிடைக்கவில்லை என்று கவலை வேண்டாம், தினசரி மிச்சத்தைச் சேர்த்தாலே இரண்டு மாதத்தில் சேர்ந்துவிடும்.

இந்தப் பணம் வீட்டில் குறைந்தது இரண்டு பெரியவர்களுக்குத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். கல்யாணத்துக்கு மொய் எழுத அதில் கைவைத்தால் அடுத்த வாரமே நிரப்பிவிட வேண்டும். அளவுக்கு மேலே வீட்டில் பணத்தைச் சேர்க்கவும் வேண்டாம். திருட்டும் தீயும் கணினிக் கோளாறைவிட அடிக்கடி நடப்பவை. 2016 நவம்பர் 8 இரவு பெரிய நோட்டுகள் செல்லாமல் போனதும் நமக்கு நினைவிருக்கிறது.

அடுத்து வங்கி. இரண்டு வெவ்வேறு வங்கிகளில் கணக்கு இருக்கட்டும். ஒன்று கூட்டுறவு வங்கியாகவோ கிராம வங்கியாகவோ இருந்தால் மற்றது பெரிய வணிக வங்கியாக இருப்பது நல்லது. இரண்டு கணக்கிலும் டெபிட் கார்டு உயிரோடு இருக்க வேண்டும். பின் நம்பர் மறந்துபோன கார்டு இருந்தும் இல்லாததே. யுபிஐ லைட்டில் கொஞ்சம் பணம் ஏற்றி வையுங்கள். அதிகபட்சம் 5,000 வரை ஏற்றலாம், ஒருமுறைக்கு 1,000 வரை செலுத்தலாம். உங்கள் வங்கியின் சர்வர் மட்டும் படுத்த நேரத்தில் இது கைகொடுக்கும், ஏனென்றால் பணம் ஏற்கெனவே கணக்கிலிருந்து வெளியே எடுத்து வைத்ததாகிவிடுகிறது. நெட்டே இல்லையென்றால் இதுவும் ஓடாது. நெட் இல்லாமல் சிக்னல் மட்டும் இருக்கும் நேரத்துக்கு *99# என்ற சேவை உண்டு; சாதாரணப் பட்டன் போனிலும் வேலை செய்யும், தமிழிலும் கிடைக்கும். அதை முதல்முறை முயல்வது அவசர நாளாக இருக்கக் கூடாது. இன்றே ஒருமுறை பத்து ரூபாய் அனுப்பிப் பழகுங்கள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, கடைக்காரருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் பதறி மறுபடி மறுபடி அனுப்பாதீர்கள். ஒரே பாலுக்கு மூன்று முறை பணம் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, யுபிஐயில் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டால் ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண் நான்கையும் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்தவர்களின் புகார் சீக்கிரம் முடிந்தது. “அன்னிக்கு ஏதோ போச்சுங்க” என்று வந்தவர்கள்தான் அலைந்தார்கள்.

கடைக்காரரின் நோட்டு

யுபிஐ தடுமாறிய அந்த ஏப்ரல் சனிக்கிழமை எங்கள் தெரு மளிகைக்கடையில் என் மனைவி நின்றிருந்தாள். கையில் பையும் போனும். “அண்ணாச்சி, போக மாட்டேங்குது” என்றாள். “அதுக்கென்னம்மா, எடுத்துட்டுப் போங்க, எழுதிக்கிறேன்” என்று காதிலிருந்து பேனாவை எடுத்தார். அவளுக்குப் பின்னால் நின்ற இளைஞன் அதே தெருவில் இரண்டு ஆண்டாகக் குடியிருப்பவன். எல்லாவற்றையும் செயலியில் வரவழைத்துப் பழகியவன். அண்ணாச்சிக்கு அவன் முகம் தெரியாது. அவன் பால் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போனான் என்று வீட்டுக்கு வந்து வருத்தப்பட்டுச் சொன்னாள்.

எந்தத் தயாரிப்புப் பட்டியலிலும் இதை எழுத மாட்டார்கள், ஆனால் எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. மாதத்தில் சில நாளாவது தெருக்கடையில் நேரில் போய் வாங்குங்கள். மருந்துக்கடைக்காரர், பால்காரர், தண்ணீர் கேன் போடுபவர், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், இவர்களுக்கு உங்கள் பெயரும் வீடும் தெரிந்திருக்கட்டும். கணினி உங்களை அடையாளம் காட்டாத நாளில் மனிதர்கள்தான் காட்ட வேண்டும். கடன் சொன்னால் மறுநாள் லிங்க் வந்ததும் முதல் வேலையாகக் கொடுத்துவிடுங்கள். அவரும் மொத்தக் கடையில் ரொக்கம் கொடுத்துத்தான் சரக்கு எடுத்திருப்பார். அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவர்களையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தையும் செயலியில் வரவழைக்கும் சாப்பாட்டையும் நம்பியிருப்பவர்கள்.

காகிதக் கட்டு

ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை வாங்குங்கள், ஜிப் வைத்தது. அதில் போகவேண்டியவை:

வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் ஆதார் நகல், ஸ்மார்ட் ரேஷன் அட்டையின் நகல். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் இணையத்தில் கிடைக்கின்றன என்று விட்டுவிடாமல் ஒருமுறை அச்செடுத்து வையுங்கள். வீட்டுவரி ரசீது. மின் இணைப்பு எண். மருத்துவக் காப்பீடு, ஆயுள் காப்பீடு இரண்டின் முதல் பக்கம். வைப்புத்தொகை ரசீதுகள். பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் நகல்கள். டிஜிலாக்கர் அருமையான ஏற்பாடு, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்கும் ஓடிபி வராத நாளைப் பற்றித்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.

பாஸ்புக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளைக்குப் போய் என்ட்ரி போட்டு வாருங்கள். உங்கள் இருப்பு எவ்வளவு என்பதற்கு உங்கள் கையில் இருக்கும், வங்கி தன் இயந்திரத்திலேயே அச்சிட்டுத் தந்த சான்று அது. பேரேட்டில் ஏதாவது குழப்பம் நேர்ந்தால், வாடிக்கையாளரின் கையில் அச்சடித்த தாள் இருப்பதும் வெறும் வாய்மொழி இருப்பதும் ஒன்றல்ல.

இன்னொரு தாளில் மின்னஞ்சல், வங்கி, மின்வாரியம், காப்பீடு ஆகியவற்றின் பயனர் பெயர்களைக் கையால் எழுதுங்கள். கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால் பத்து மாற்றுக் குறியீடுகள் தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். போன் தொலைந்தாலோ ஓடிபி வராவிட்டாலோ அந்த எண்தான் சாவி. அதை எழுதி, இந்த உறையில் வைக்காமல் பீரோ லாக்கரில் தனியே வையுங்கள். பின் நம்பர்களை மட்டும் எங்கும் எழுத வேண்டாம்.

புகைப்படங்கள். பத்து ஆண்டுப் படங்களும் கிளவுடில் இருக்கின்றன என்றால் அவை உங்களிடம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுங்கள். அதை உடன்பிறந்தவர் வீட்டில் கொடுத்து வைத்தால் வெள்ளத்துக்கும் பாதுகாப்பு. அதோடு நாற்பது, ஐம்பது படங்களைத் தேர்ந்தெடுத்து ஸ்டூடியோவில் அச்சுப் போடுங்கள். என் அம்மாவின் கடைசி ஐந்து ஆண்டுப் படங்கள் ஒரு போனில் மட்டுமே இருந்தன. அந்தப் போன் செத்த பிறகு எத்தனையோ கடை ஏறினோம், திரும்பக் கிடைக்கவில்லை.

மூன்று எண்ணாவது மனப்பாடமாக

உங்கள் பிள்ளையிடம் இப்போதே கேளுங்கள்: அப்பா நம்பர் என்ன, அம்மா நம்பர் என்ன? பெரும்பாலும் ‘போன்ல இருக்கு’ என்றுதான் பதில் வரும். மூன்று எண்களாவது ஒவ்வொருவருக்கும் மனப்பாடம் ஆக வேண்டும். மற்ற முக்கிய எண்களை ஒரு தாளில் எழுதி, தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வருடம் மாறும்போது தாளையும் புதிதாக எழுதுவீர்கள். 112 பொது அவசர உதவி, 108 ஆம்புலன்ஸ், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, சைபர் மோசடிக்கு 1930, மின்தடைப் புகாருக்கு மின்னகம் 94987 94987. குடும்ப டாக்டர், மருந்துக்கடை, ஆட்டோக்காரர், பள்ளி அலுவலகம் ஆகியவையும் அதில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் நின்றால் சாதாரண எஸ்எம்எஸ் போகும் என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். 2021இல் அந்த ஆறு மணி நேரமும் எஸ்எம்எஸும் அழைப்பும் வேலை செய்தன, ஆனால் பலர் தங்கள் வீட்டு நெட்தான் போய்விட்டது என்று ரவுட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அழைப்பும் போகாத நேரத்துக்கு ஒரு சந்திப்பு ஏற்பாடு வேண்டும். பள்ளி விட்டதும் பிள்ளை எங்கே காத்திருக்க வேண்டும், யாரோடு வரலாம், எத்தனை மணிக்கு மேல் யார் தேடிப் போவது. எங்கள் வீட்டில் இது பிள்ளையார் கோயில் திண்ணை.

லேண்ட்லைன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய செம்புக் கம்பி இணைப்புக்குத் தேவையான மின்சாரம் தொலைபேசி நிலையத்து பேட்டரியிலிருந்தே கம்பி வழியாக வந்தது, 48 வோல்ட். வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசியது அதனால்தான். இன்று வரும் ஃபைபர் இணைப்பில் வீட்டு மோடத்துக்கு நம் கரண்ட் வேண்டும். ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டினால் சில மணி நேரம் தாங்கும்.

பேட்டரியில் ஓடும் ஒரு டிரான்சிஸ்டர் கட்டாயம் வாங்குங்கள். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் மின்சாரம் இழந்து நின்றபோது, கார்டு இயந்திரமும் போனும் செத்துப்போன தெருக்களில் மக்கள் கடைகடையாகத் தேடியது பேட்டரி ரேடியோவைத்தான். சென்னை ‘அ’ நிலையம் மீடியம் வேவில் 720, திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ். உங்கள் ஊரில் எது தெளிவாகக் கேட்கிறது என்று இன்றே திருகிப் பார்த்து, எண்ணை ரேடியோவின் முதுகில் எழுதி ஒட்டுங்கள்.

மருந்து

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு, வலிப்பு, இதயம் என்று தினசரி மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் எப்போதும் ஒரு மாத இருப்பு கூடுதலாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் எடுத்துத் தீருங்கள். காலாவதி பிரச்சினை வராது.

மருந்துச் சீட்டின் நகல், கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு இந்த நான்கும் காகிதத்தில் இருக்கட்டும். மருத்துவமனையின் செயலியில் எல்லா ரிப்போர்ட்டும் இருக்கிறது என்று வெறுங்கையோடு போய், சர்வர் இல்லாத நாளில் மறுபடி எல்லாப் பரிசோதனையும் எழுதிக் கொடுக்கப்பட்டு நின்ற ஓர் உறவினரை எனக்குத் தெரியும். டாக்டர் திறமையானவர்தான். அவர் முன்னால் நோயாளியின் வரலாறு இல்லை. ‘என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?’ என்றால் ‘வெள்ளைக் கலர், சின்னதா இருக்கும்’ என்று சொல்லும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

இன்சுலின் போடுபவர்கள்: திறக்காத மருந்து குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்படுத்திக்கொண்டிருக்கும் பல வகை இன்சுலின்கள் 30 டிகிரிக்கு மேல் போகாமல் ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே தாங்கும். உங்கள் வகைக்கு எவ்வளவு என்பதை டப்பாவில் உள்ள தாளில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மே மாதத்து வீடு 30 டிகிரியில் நிற்காது. மண்பானைக்குள் இன்னொரு சிறு பானை வைத்து, இடைவெளியில் ஈர மணல் போட்டு, மேலே ஈரத் துணி மூடினால் வெளிக்காற்றைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும். மருந்து நனையாமல் ஒரு டப்பாவில் இட்டு உள்ளே வையுங்கள். ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் போன்ற கருவியோடு இருப்பவர் வீட்டில் என்றால், கரண்ட் போனால் எத்தனை நிமிடம், மாற்று என்ன, எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தண்ணீர், கரண்ட், அடுப்பு

இவற்றைப் புயல் அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்துவிட்டோம், இங்கே சுருக்கமாக. குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர், மூன்று நாளைக்கு. 12 வோல்ட் 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி வைத்த இன்வெர்ட்டரில் இரண்டு சாதாரண மின்விசிறியும் நான்கு எல்இடி பல்பும் புதிதில் ஏழு மணி நேரம் அளவுக்கு ஓடும். பேட்டரி பழசானால் பாதி. சிலிண்டர் புக்கிங்கும் டெலிவரிக் குறியீடும் போன் வழியாகவே வருகின்றன, ஆகவே இரண்டாவது சிலிண்டர் எப்போதும் நிரம்பியிருக்கட்டும். வண்டியில் பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ரேஷன் பொருளை மாதக் கடைசி வரை தள்ளாமல் முதல் பத்து நாளில் வாங்கிவிடுங்கள். கைரேகை இயந்திரம் மக்கர் செய்தாலும் மீண்டும் போக நாள் இருக்கும்.

செயலியால் திறக்கும் கதவுப் பூட்டு வைத்திருப்பவர்கள், அதன் இரும்புச் சாவி எங்கே இருக்கிறது என்று இன்று தேடிப் பாருங்கள். பலர் வீட்டில் அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

தேதி தெரிந்த ஒரு கோளாறு

2000ஆம் ஆண்டு பிறந்தபோது, வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த கணினிகள் ‘00’ஐ 1900 என்று எடுத்துக்கொள்ளுமோ என்று உலகமே பயந்தது. முன்கூட்டியே ஆயிரக்கணக்கானோர், நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் உட்பட, இரவு பகலாகத் திருத்தியதால்தான் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதன் உறவுக்காரக் கோளாறு ஒன்று இன்னும் வரவிருக்கிறது. பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளை எண்ணித்தான் தேதியைக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணை 32 பிட் அளவுள்ள இடத்தில் வைத்திருப்பவற்றுக்கு, 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியோடு இடம் தீர்ந்துவிடும். அடுத்த விநாடி அவை 1901க்குத் திரும்பிவிடக்கூடும். புதிய போன்களிலும் கணினிகளிலும் இது பெரும்பாலும் சரிசெய்யப்பட்டுவிட்டது. கவலை, யாரும் திரும்பிப் பார்க்காத பழைய பெட்டிகளைப் பற்றியது: ரவுட்டர், சிசிடிவி ரெக்கார்டர், ஏதோ ஒரு கதவுக் கட்டுப்பாட்டுக் கருவி. இனி இப்படிப்பட்ட கருவி வாங்கும்போது எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்று கேட்டு வாங்குங்கள்.

கோளாறுக்குப் பின்னால் வருபவர்கள்

லிங்க் போன அன்றும் அதற்கு அடுத்த சில நாட்களும் ஒரு கூட்டம் போனில் கிளம்பும். “உங்க கணக்கு முடங்கிடுச்சு சார், நாங்க சரி பண்ணித் தர்றோம், வர்ற நம்பரை மட்டும் சொல்லுங்க.” 2024 கிரவுட்ஸ்ட்ரைக் கோளாறின்போதும் ‘சரிசெய்யும் மென்பொருள்’ என்ற பெயரில் போலிகள் உடனே முளைத்தன. நான் உறுதியாகச் சொல்கிறேன்: சர்வர் சரியாவதற்கு உங்கள் ஓடிபி எந்த வங்கிக்கும் தேவைப்படாது. அழைப்பைத் துண்டியுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் அந்த நிமிடமே 1930ஐ அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

எழுதியதெல்லாம் சரியா என்று தெரிய ஒரே வழி, ஒரு நாள் வாழ்ந்து பார்ப்பது. எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லாருடைய போனிலும் டேட்டாவை அணைத்தோம், ரவுட்டரையும் அணைத்தோம். மாலை ஆறு வரை திறப்பதில்லை என்று ஏற்பாடு. காலை பால் வாங்கச் சில்லறை இருந்தது. பத்து மணிக்கு மருமகள் கேட்டாள், “மாமா, குழந்தைக்குக் காய்ச்சல் சிரப் எத்தனை மில்லி? டாக்டர் வாட்ஸ்அப்லதான் அனுப்பியிருந்தாரு.” முதல் ஓட்டை. மதியம் மாடித் தோட்டக்காரருக்குக் கூலி கொடுக்கப் போனால், அவர் மகன் எண்ணுக்குத்தான் இத்தனை நாளும் அனுப்பிக்கொண்டிருந்தோம்; அவருக்கு மாதம் எவ்வளவு என்று எங்கள் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அவரேதான் சொன்னார். மாலையில் பேரன், “தாத்தா, பெரியம்மா வீட்டுக்கு எப்படிப் போறது?” என்றான். எட்டு ஆண்டாகப் போய்வரும் வீடு. வழியை வரைந்து காட்ட எங்களில் ஒருவராலும் முடியவில்லை, வரைபடம் எப்போதும் போனில்தான் பேசியிருக்கிறது.

மூன்றையும் அன்றிரவே தாளில் எழுதினோம். உங்கள் வீட்டு ஓட்டைகள் வேறாக இருக்கும். விடுமுறை நாளாகப் பார்த்து, முதியவர்களுக்கு முன்பே சொல்லிவிட்டு, உடல்நிலை சரியில்லாதவர் யாரும் இல்லாத நேரத்தில் செய்து பாருங்கள். அவசரத்துக்கு அழைப்பு மட்டும் திறந்திருக்கட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்க்க ஒரு நாள் குறித்துவிட்டால் மறக்காது. எங்கள் வீட்டில் அது ஆயுத பூஜை. அரிவாள்மணை, சுத்தியல், தையல் மெஷினைத் துடைக்கும்போதே டார்ச்சையும் டிரான்சிஸ்டரையும் எடுத்துப் பொட்டு வைக்கிறோம். பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்திருந்தால் கசியாது. அன்று மாட்டிப் பார்த்துப் பழையதை மாற்றுவோம். இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவோம். காகித உறையைப் பிரித்து, காலாவதியான காப்பீட்டுத் தாளை எடுத்துவிட்டுப் புதியதை வைப்போம். நோட்டுக் கட்டை எண்ணிப் பார்த்து, குறைந்திருந்தால் அந்த வாரமே நிரப்புவோம். இந்த ஆண்டு பேரன் ஒரு புது வேலையைச் சேர்த்துக்கொண்டான். காலண்டர் அட்டையின் பின்னால் இருக்கும் எண்களில் ஐந்தை, பூஜைக்கு முன்னால் பார்க்காமல் ஒப்பிக்கிறான்.